ஹெட் கேஸ்கெட் பழுது: அறிகுறிகளும் அவற்றின் காரணங்களும்

கார் எஞ்சினின் உடல் இரண்டு பெரிய பாகங்களால் ஆனது. பிஸ்டன்கள் ஏறி இறங்கும் சிலிண்டர் பிளாக் கீழே இருக்கிறது. வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்குகளையும் தாங்கும் சிலிண்டர் ஹெட் மேலே இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனில் வைத்து இறுக்கப்படும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். பட்டறைகளில் இதை ஹெட் பேக்கிங் என்றும் சொல்வார்கள். அதன் விலை பெரிதல்ல. ஆனால் அது பழுதானால் எஞ்சினின் மேல்பாதியையே கழற்ற வேண்டியிருப்பதால் வேலைக் கூலி ஏறிவிடுகிறது. கவனிக்காமல் தொடர்ந்து ஓட்டினால் ஹெட் வளையலாம், பேரிங் தேயலாம், கடைசியில் எஞ்சினே போகலாம். ஆகவே இதன் பழுதைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்வதில்தான் பணமும் எஞ்சினும் தப்புகின்றன.

இந்தத் தகட்டில் பல துளைகள் உண்டு. பெரிய வட்டத் துளைகள் சிலிண்டர்களுக்கு உரியவை. அவற்றைச் சுற்றியுள்ள சிறிய துளைகளில் சில வழியாக எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு ஏறுகிறது. வேறு சில வழியாக ஆயில் மேலே போய்க் கீழே திரும்புகிறது. எரியும் வாயு, கூலண்ட், ஆயில் ஆகிய மூன்றும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று தொடாமல் பாய வேண்டும். மூன்றின் அழுத்தமும் வெவ்வேறு. குளிர்விப்புச் சுற்றின் அழுத்தம் வளிமண்டலத்தைவிட ஒரு பார் அளவே கூடுதல். ஓடும் எஞ்சினில் ஆயில் அழுத்தம் பொதுவாக 2 முதல் 5 பார் வரை இருக்கும். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் அழுத்தம் 60 பாரைத் தொடலாம். டர்போ டீசலில் அது 150 பாரையும் தாண்டும். 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் 60 பார் அழுத்தம் ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை, ஏறத்தாழ 2,700 கிலோ எடைக்குச் சமம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் இது நொடிக்கு 25 முறை நிகழ்கிறது. இத்தனையையும் தாங்கிக்கொண்டு பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய கேஸ்கெட்டுகள் ஏராளம். சரியாகப் பராமரித்த எஞ்சினில் அது தானாகப் பழுதாவது அபூர்வம்.

பழுதுக்கு வித்திடுவது பெரும்பாலும் அதிகச் சூடு. அம்பாசடர் காரின் பழைய 1,489 சி.சி. எஞ்சினில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. இரண்டும் ஒரே அளவில் விரிந்து ஒரே அளவில் சுருங்கின. பின்னர் வந்த பல கார்களில் பிளாக் வார்ப்பிரும்பாகவே இருக்க, ஹெட் மட்டும் அலுமினியத்துக்கு மாறியது. எடை குறைந்தது, வெப்பமும் விரைவாக வெளியேறியது. ஆனால் அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப்போல் இரண்டு மடங்கு விரிகிறது. அரை மீட்டர் நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால் 0.9 மில்லிமீட்டர் நீளும். அதே நீள இரும்புப் பிளாக் 0.45 மில்லிமீட்டர்தான் நீளும். இந்த வேறுபாட்டைச் சமாளித்தபடி கேஸ்கெட் இரு முகங்களுக்கிடையே நுணுக்கமாக நழுவிக்கொடுக்க வேண்டும். செப்புத் தகட்டுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் வைத்த பழைய கேஸ்கெட் போய், கிராஃபைட் வகையும், பிறகு மெல்லிய ஸ்பிரிங் எஃகுத் தகடுகளை அடுக்கி ரப்பர் பூச்சுக் கொடுத்த இன்றைய வகையும் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்போது, போல்ட்டுகளால் கட்டுண்ட அலுமினிய ஹெட் விரிய இடமின்றி நெளிகிறது. ஆறிய பிறகும் அந்த நெளிவு முழுமையாக மறைவதில்லை. கேஸ்கெட்டின் மீதான பிடி ஓரிடத்தில் தளர்ந்தாலும் போதும், வாயு அங்கே வழி தேடிக்கொள்ளும்.

அந்தச் சூட்டுக்கும் ஒரு தொடக்கம் இருக்கும். நின்றுபோன ரேடியேட்டர் ஃபேன், திறக்காமல் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப், வெடித்த ஹோஸ், பிடி தளர்ந்த ரேடியேட்டர் மூடி என எதுவாகவும் இருக்கலாம். கூலண்டுக்குப் பதிலாக ஆண்டுக்கணக்கில் போர்வெல் தண்ணீரை ஊற்றிவந்தால் உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைபடும். துருத்தடுப்பு இல்லாத தண்ணீர், ஹெட்டில் கூலண்ட் துளைகளின் விளிம்பையும் அரித்துவிடும். கேஸ்கெட் அமரும் முகமே அரிபட்டால், எவ்வளவு நல்ல கேஸ்கெட்டும் அங்கே அடைப்பாக நிற்காது.

வடிவமைப்பே காரணமான எஞ்சின்களும் உண்டு. பிரிட்டனின் ரோவர் நிறுவனம் 1980களின் இறுதியில் கொண்டுவந்த கே சீரிஸ் பெட்ரோல் எஞ்சின், அதிலும் எம்.ஜி.எஃப், ஃப்ரீலாண்டர் கார்களில் பொருத்திய 1.8 லிட்டர் வகை, ஹெட் கேஸ்கெட் பழுதுக்கே பேர்போனது. விரைவில் சூடேற வேண்டும் என்பதற்காக அதில் கூலண்டின் அளவைக் குறைவாக வைத்தார்கள். எங்கோ ஒரு சிறு கசிவில் கொஞ்சம் இழந்தாலும் மிச்சம் போதாமல் எஞ்சின் சூடேறியது. தெர்மோஸ்டாட் எஞ்சினுக்குள் நீர் நுழையும் பக்கத்தில் இருந்ததால், அது திறந்தவுடன் குளிர்ந்த கூலண்ட் திடீரெனப் பாய்ந்து சூட்டை ஏற்றியிறக்கியது. ஹெட்டை இடத்தில் நிறுத்தும் ஊசிகளைப் பிளாஸ்டிக்கில் செய்திருந்தார்கள். அதனால் ஹெட் சற்றே அசைய இடம் கிடைத்தது. பிற்பாடு எஃகு ஊசிகளும் பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டும் வந்தபின் நிலைமை மேம்பட்டது. சிறு கசிவு, குறைந்த கூலண்ட், சூடு, நெளிவு, கேஸ்கெட் என்ற இந்த வரிசை எந்தக் காரிலும் நடக்கக்கூடியது. கே சீரிஸில் அது விரைவாக நடந்தது, அவ்வளவே.

கேஸ்கெட்டில் எந்தத் துளைக்கும் எந்தத் துளைக்கும் இடையே விரிசல் விட்டது என்பதைப் பொறுத்தே அறிகுறி அமைகிறது. ஆகவே எல்லா அறிகுறிகளும் ஒரே காரில் தோன்ற வேண்டியதில்லை. ஆயில் சுத்தமாக இருப்பதால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடவும் முடியாது.

சிலிண்டரிலிருந்து கூலண்ட் வழிக்கு விரிசல் விடுவது அடிக்கடி காணப்படும் வகை. எரியும்போது 60 பார் அழுத்தமுள்ள வாயு, ஒரு பார் மட்டுமே உள்ள கூலண்டுக்குள் பீறிட்டுப் போகிறது. ரிசர்வ் டேங்கில் குமிழிகள் ஓயாமல் வருகின்றன. கூலண்ட் நிரம்பி வழிகிறது. வழிந்த பிறகு மட்டம் குறைகிறது. வெளியில் எங்கும் ஒழுக்கு இல்லாமலே வாரத்துக்கு வாரம் கூலண்ட் ஊற்ற வேண்டியிருக்கிறது. மலைப்பாதை ஏற்றத்திலும் நெடுஞ்சாலை வேகத்திலும் எஞ்சின் சூடாகிறது, நகரத்துக்குள் மெதுவாக ஓட்டும்போது ஆகவில்லை என்றால் இந்த வகைமீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும். பளு கூடும்போது எரிப்பழுத்தம் கூடி, கசிவும் கூடுகிறது. இதற்கு நேர்மாறாக, நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடத் தொடங்கியதும் தணிந்தால் பெரும்பாலும் ரேடியேட்டர் ஃபேனில்தான் கோளாறு. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்துச் சொன்னாலே மெக்கானிக்கின் தேடல் பாதியாகக் குறையும்.

இந்த வகையைக் கருவியே இல்லாமல் சோதிக்கவும் ஒரு வழி இருக்கிறது. இரவு முழுவதும் நின்று ஆறிய எஞ்சினைக் காலையில் கிளப்பி, ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்க்கலாம். அப்போது ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துணியோ போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்விப்புச் சுற்றில் அழுத்தம் ஏறுவது கூலண்ட் சூடேறி விரிவதால். ஆகவே எஞ்சின் ஜில்லென்று இருக்கும் முதல் ஓரிரு நிமிடங்களில் ஹோஸ் மெத்தென்றுதான் இருக்க வேண்டும். அதற்குள் அது கல்லாக இறுகிவிட்டால், அழுத்தம் வெப்பத்தால் வந்ததல்ல. சிலிண்டர் வாயுவால் வந்தது. இரவு முழுதும் ஆறிய பிறகும் கிளப்பும் முன்பே ஹோஸ் இறுகியிருந்தாலும் அதே சந்தேகம் எழும். புதிதாகக் கூலண்ட் மாற்றியிருந்தால் மட்டும் உள்ளே தங்கிய காற்று சில நாள் குமிழியாக வரலாம். அது தானாக நின்றுவிடும்.

அடுத்தது, கூலண்ட் சிலிண்டருக்குள் வருவது. ஓட்டத்தை நிறுத்தியவுடன் சிலிண்டரில் அழுத்தம் இல்லை. சூடான கூலண்டிலோ இன்னும் ஒரு பார் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் அது விரிசல் வழியே சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கித் தேங்குகிறது. மறுநாள் காலை கிளப்பும்போது எஞ்சின் மிஸ்ஸிங் அடித்துத் தடுமாறும். சைலன்சரிலிருந்து அடர்ந்த வெள்ளைப் புகை வரும். தேங்கியது எரிந்து தீர்ந்ததும் ஓட்டம் சீராகும். இத்தனையும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுவதால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தியே ஆக வேண்டும். தேங்கிய நீரின் அளவு கூடினால் பிஸ்டன் மேலே வரும்போது அமுங்காத நீரில் மோதிக் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். எரிந்த கூலண்டின் ரசாயனங்கள் ஆக்சிஜன் சென்சாரையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் மெல்லக் கெடுக்கும்.

வெள்ளைப் புகையெல்லாம் கேஸ்கெட் பழுது ஆகாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ காலைக் குளிரில் அது சைலன்சர் முனையில் வெண்ணிற ஆவியாகத் தெரிவது இயல்பு. எஞ்சின் சூடேறியதும் அது மறையும். காற்றில் கலந்த உடனே கலைந்தும் போகும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் விடாமல் வருவதும், கலையாமல் தொங்குவதும், லேசான இனிப்பு வாடை அடிப்பதும்தான் கூலண்ட் எரிவதன் அடையாளம். அந்த வாடை கூலண்டிலுள்ள எத்திலீன் கிளைக்காலுடையது. வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டியில் இனிப்பு வாடை வராது. கிளைக்கால் நஞ்சு என்பதால் அதை நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. குளிர்ந்த டீசல் எஞ்சின் எரியாத டீசலையும் வெண்புகையாகத் தள்ளும். அதில் டீசல் நெடி இருக்கும். நீல நிறப் புகை ஆயில் எரிவதையும் கரும்புகை எரிபொருள் மிகுவதையும் காட்டுபவை. அவற்றுக்கும் இந்த வகைக் கசிவுக்கும் தொடர்பில்லை.

ஆயிலும் கூலண்டும் கலப்பது பலரும் அறிந்த அறிகுறி. அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் அதுதான். எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூடுதல் என்பதால் ஆயில் கூலண்டுக்குள் போகலாம். ரிசர்வ் டேங்கில் பழுப்பு நிறப் பிசுக்கு மிதக்கும். நிறுத்திய பிறகு ஆயில் அழுத்தம் பூஜ்யமாகி, கூலண்ட் ஆயிலுக்குள் இறங்கலாம். ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறும். இந்த நிறத்தை ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கண்டு பதற வேண்டாம். எஞ்சினில் மிகக் குளிர்ந்த இடங்களில் ஒன்று அந்த மூடி. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் காரில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால், எரிப்பில் உண்டான ஈரம் அங்கே படிந்து வெண்மையான கூழாகிறது. நெடுந்தூரம் ஓட்டினால் அது பெரும்பாலும் மறைந்துவிடும். டிப்ஸ்டிக்கிலேயே பால் நிறம் தெரிவதும், ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறுவதும்தான் உண்மையான ஆபத்து. அந்த நிலையில் வண்டியைக் கிளப்பவே கூடாது. நீர் கலந்த ஆயில் பேரிங்குகளுக்கிடையே மெல்லிய படலமாக நிற்காது. உலோகம் உலோகத்தோடு உரசும். கசிவு சிறிதாக இருந்தால் சூட்டில் நீர் ஆவியாகி நிறமே மாறாமல் போவதும் உண்டு. அப்போது ஆயிலை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால், கூலண்டிலிருந்து வந்த சோடியமோ பொட்டாசியமோ காட்டிக்கொடுக்கும்.

இங்கும் வேறு குற்றவாளிகள் உண்டு. ஆயில் கூலர் உள்ள எஞ்சினில் அதன் உட்சுவர் ஓட்டையானால் ஆயில் கூலண்டில் கலக்கும்; ஹெட் கேஸ்கெட்டுக்குப் பங்கே இருக்காது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கூலர் ரேடியேட்டருக்குள் அமைந்திருந்தால் கியர் ஆயிலும் கலக்கலாம். டீசல் கார்களில், எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலர் வெடித்துக் கூலண்ட் எஞ்சினுக்குள் போனால், கூலண்ட் குறைதல், வெண்புகை எல்லாமே கேஸ்கெட் பழுதைப் போலவே இருக்கும். இவற்றைப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றினால், செலவழித்த பிறகும் பழுது அப்படியே இருக்கும்.

பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களுக்கிடையே கேஸ்கெட் எரிந்துபோவதும் உண்டு. அந்த இடைச்சுவர் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. சூடும் அங்கே அதிகம். ஒரு சிலிண்டர் அமுக்கும் வாயு மற்றதற்குள் போய்விடுவதால் இரண்டுமே சரியாக எரிவதில்லை. வண்டியில் புல்லிங் இருக்காது, ஓட்டம் நடுங்கும். கூலண்டும் ஆயிலும் சுத்தமாகவே இருப்பதால் பிளக், காயில், இன்ஜெக்டர் என்று மாற்றிக்கொண்டே போவார்கள். வெளிப்பக்கம் மட்டும் கசியும் வகை இவற்றுள் மெதுவானது. ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் ஆயிலோ கூலண்டோ ஈரமாகத் தெரியும். சுபாருவின் இ.ஜே.25 என்ற 2.5 லிட்டர் படுக்கைவாட்டு எஞ்சினில் பரவலாகக் காணப்பட்ட பழுதுகளில் இதுவும் ஒன்று.

டேஷ்போர்டின் டெம்பரேச்சர் முள்ளை எப்படிப் படிப்பது என்பது தனியே அறிய வேண்டியது. பல புதிய கார்களில் சூடு சில டிகிரி கூடிக் குறைந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே அது நடுக்கோட்டைத் தாண்டினால் எஞ்சின் ஏற்கெனவே நிறையச் சூடாகிவிட்டது என்று பொருள். ஏறிய முள் சட்டெனக் கீழே விழுவது இன்னும் மோசம். கூலண்ட் தீர்ந்து சென்சார் காற்றில் நிற்கும்போது அது சூட்டைச் சரியாகக் காட்டாது. குளிர்ந்துவிட்டது என்று நினைத்து ஓட்டியவர்கள் எஞ்சின் சீஸ் ஆன பிறகே உண்மையை அறிகிறார்கள். ஹீட்டர் போட்டால் திடீரெனக் குளிர்ந்த காற்று வருவதும் கூலண்ட் சுற்றவில்லை என்பதற்கு அடையாளம்.

சூடேறினால் செய்ய வேண்டியவை சில. ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழு வேகத்தில் போட்டு, பாதுகாப்பான முதல் இடத்தில் ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் 110 டிகிரியிலும் நீராகவே இருக்கும் கூலண்ட், மூடி திறந்த கணத்தில் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும். நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடக்கூடும். அங்கிருந்து வண்டியை டோ செய்து கொண்டுபோவதுதான் மலிவு.

பட்டறையில் சந்தேகத்தை உறுதிசெய்ய நல்ல சோதனைகள் இருக்கின்றன. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயைப் பொருத்தி, அங்குள்ள காற்றை நீல நிறத் திரவத்தின் வழியே இழுப்பது ஒன்று. திரவத்திலுள்ள புரோமோதைமால் நீலம், கார்பன் டை ஆக்சைடு பட்டால் மஞ்சளாக மாறும். கூலண்டில் எரிந்த வாயு கலந்திருப்பதற்கு அது வலுவான சான்று. ஆனால் நிறம் மாறாததால் கேஸ்கெட் நலம் என்று ஆகாது. பளுவில் மட்டும் திறக்கும் விரிசல், நின்றபடி ஓடும் எஞ்சினில் வெளிப்படாமல் போகலாம். பிற வழிகளுக்கிடையேயான கசிவையும் இது காட்டாது. கம்ப்ரஷன் சோதனையில் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைவாகக் காட்டினால் நடுவிலுள்ள கேஸ்கெட்மீது சந்தேகம் உறுதியாகும். அமுக்கிய காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் செலுத்திப் பார்க்கும் சோதனை இன்னும் துல்லியமானது. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். ஆயில் மூடி வழியே சீறினால் பிஸ்டன் ரிங். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. பிளக் துளை வழியே சிறு கேமராவை விட்டுப் பார்ப்பதும் உதவும். மற்ற பிஸ்டன்களின் தலையில் கரி படிந்திருக்க, ஒன்று மட்டும் கழுவியதுபோல் பளபளத்தால் அந்தச் சிலிண்டருக்குள் கூலண்ட் வருகிறது. ஒரே சோதனையை நம்பி ஹெட்டில் ஸ்பேனர் வைக்கும் பட்டறையைவிட, இரண்டு சோதனைகள் ஒத்துப்போகும்வரை பொறுக்கும் பட்டறையே நம்பத் தக்கது.

பழுது உறுதியான பின் ஹெட்டைக் கழற்றிப் புது கேஸ்கெட் போட்டால் மட்டும் போதாது. ஹெட்டின் முகத்தில் நேர்க்கோலை வைத்து ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பல சிறிய கார்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நெளிவை ஏற்க மாட்டார்கள். அதற்கு மேல் இருந்தால் லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்ய வேண்டும். விரிசலுக்கும் சோதிக்க வேண்டும். கையில் பிடிக்கும் கிரைண்டரால் அலுமினிய முகத்தைத் தேய்ப்பது பெருந்தவறு. முகம் குழிவிழும்; தேய்ப்புத் துகள்கள் ஆயிலில் கலந்து பேரிங்குகளைத் தின்னும். டீசல் எஞ்சின்களில் கேஸ்கெட் பல தடிமன்களில் வரும். பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்து பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹெட் போல்ட்டுகள் பல கார்களில் ஒருமுறை மட்டுமே பயன்படுபவை. இறுக்கும்போது சற்றே நீளும்படி அமைந்தவை என்பதால் பழையதைத் திரும்பப் போட்டால் பிடி குறையும். இறுக்குவதும் நிறுவனம் சொன்ன வரிசையில், பெரும்பாலும் நடுவிலிருந்து வெளிநோக்கி, டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கும் பின் சொன்ன கோணத்துக்கும் செய்ய வேண்டிய வேலை.

ரேடியேட்டரில் ஊற்றினால் கேஸ்கெட் கசிவை அடைத்துவிடும் என்று விற்கப்படும் திரவங்கள் பழுதுபார்ப்பு ஆகா. சில நேரம் சில நாள்களுக்குத் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் விரிசலை அடைக்கும் அதே பொருள் ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் ஹீட்டரையும் சேர்த்தே அடைக்கக்கூடும்.

எஞ்சின் ஏன் சூடானது என்ற காரணத்தையும் கண்டு தீர்க்காமல் வண்டியைத் திரும்ப வாங்கக் கூடாது. ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், மூடி ஆகியவற்றைச் சோதித்தார்களா, நிறுவனம் குறிப்பிட்ட கூலண்டை ஊற்றினார்களா என்று கேட்டறிய வேண்டும். அதன்பின் முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை ஒவ்வொரு நாள் காலையும் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்க் மட்டத்தைப் பாருங்கள். காற்று வெளியேறுவதால் முதல் சில நாள் சற்றுக் குறையலாம். அதற்குப் பிறகும் குறைந்துகொண்டே போனால், அடுத்த பயணத்துக்கு முன் வண்டியை மீண்டும் பட்டறையில் விடுங்கள்.